திருகை சுற்றிய கை

பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நம் பேத்தி, தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, அது என்னவென்று கேட்டாள். சென்னையில் அவள் சென்றுவந்த ஓர் உணவகத்தின் முகப்பு அது. வாயிலின் வலப்புறத்தில் வட்டக் கற்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேற்கல்லின் குழியில் மண் நிரப்பி, ஒரு பூஞ்செடியை நட்டிருந்தார்கள்.

"இது திருகை" என்று தொடங்கினோம். 34 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்த நாக்கு அல்லவா? ஒரு சொல்லைக் கண்டுவிட்டால் அதன் வேரைத் தோண்டிப் பார்க்காமல் ஓய்வதில்லை. சொல் பிறந்த விதம், கல் பிறந்த விதம், எந்தெந்த நாட்டில் எந்தெந்தக் காலத்தில் அது சுழன்றது என்றெல்லாம் அரைமணி நேரம் விரித்துரைத்தோம். பேத்தியும் பொறுமையாகக் கேட்டாள்.

தூணோரம் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த நம் ராத்தா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நாம் பேசி முடித்ததும், "எல்லாம் சொன்னியே தம்பி, அதச் சுத்துனது யாருண்டு சொன்னியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் கோபமோ குத்தலோ இல்லை. மறந்துபோன ஒரு சாமானை நினைவூட்டுவது போல்தான் கேட்டார். ஆயினும் நமக்கு மறுமொழி வரவில்லை. அன்று பேத்தியிடம் சொன்னவற்றையும், சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே வரிசையாக எழுதிவிட எண்ணுகிறோம்.

சொன்னவை முதலில்.

திரிதல் என்றால் சுற்றுதல். திரி என்னும் அந்த வேரிலிருந்து பிறந்தது திரிகை. திருகுதல் என்னும் சொல்லோடு சேர்த்துத் திருகை என்றும் வழங்குகிறோம். தென்பாண்டிக் கடற்கரையில் நம் தாயார் வாயில் அது 'திருவை'. வேறு சில ஊர்களில் அதற்கு 'ஏந்திரம்' என்று பெயர். யந்திரம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. மின்சாரம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வீட்டு மூலையில் ஓர் இயந்திரம் இருந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. குயவர் மண் வனையும் சக்கரத்துக்கும் திரிகை என்ற பெயர் உண்டென அகராதிகள் கூறுகின்றன. ஒன்று பாத்திரத்தைத் தருகிறது. மற்றொன்று பாத்திரத்தில் இடுவதைத் தருகிறது. இரண்டுக்கும் ஒரு பெயர் அமைந்தது பொருத்தமே.

சொல்லின் ஈற்றில் நிற்கும் 'கை' உடலுறுப்பைக் குறிப்பதன்று. வருகை, செய்கை என்பவற்றில் வருவது போன்ற விகுதியே அது. வகுப்பறையில் இதை எத்தனையோ முறை கரும்பலகையில் பிரித்து எழுதியிருக்கிறோம். நம் தாயாருக்கு இலக்கணம் தெரியாது. "திருவுற கை வலிக்கும், அதான் திருகைண்டு பேரு" என்று அவர் ஒருமுறை சொன்னார். நாம் சிரித்துவிட்டு, விகுதியை விளக்கினோம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, முல்லை நிலத்துச் சிற்றூர் ஒன்றை வருணிக்கையில் திரிமரம் நிற்கும் பந்தரைக் காட்டுகிறது. யானையின் காலை அதற்கு உவமையாகச் சொல்கிறது. அதைத் திரிகை என்றே உரைகாரர் பொருள் கொண்டனர். வரகு விளையும் நிலத்தில், வரகின் உமியைக் கழிக்க மரத்தால் ஒரு திரிகை இருந்திருக்கிறது. பிற்காலத்திலும் வரகுக்கும் சாமைக்கும் களிமண் பூசிய திருகையைப் பயன்படுத்தினார்கள். உமி மட்டும் கழன்று அரிசி நொறுங்காதிருக்க வேண்டுமானால் கல்லின் கடுமை ஆகாது அல்லவா? எனவே திருகை என்பது ஒரே ஒரு பொருளன்று. தானியத்துக்குத் தக்கபடி மரமாகவும் மண்ணாகவும் கல்லாகவும் நின்ற ஒரு குடும்பம் அது.

கல் திருகையின் அமைப்பை அறியாத இளையோருக்காகச் சில வரிகள். அடியில் அசையாத ஒரு வட்டக்கல். அதன் நடுவில் ஒரு முளை. மேற்கல்லின் நடுவே துளை. அத்துளை அந்த முளையில் பொருந்தும். மேற்கல்லின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு மரக் கைப்பிடி. வலக்கை பிடியைச் சுற்ற, இடக்கை பிடிபிடியாகத் தானியத்தை நடுத்துளையில் இடும். உள்ளே போன தானியம் இரு கற்களுக்கும் இடையில் அகப்பட்டு, மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, மாவாகவோ நொய்யாகவோ பருப்பாகவோ சுற்றிலும் விரித்த ஓலைப்பாயில் உதிரும்.

மாவா, நொய்யா, பருப்பா என்பதை யார் முடிவு செய்வது? கற்களுக்கு இடையிலுள்ள இடைவெளிதான். நம் தாயார் முளையைச் சுற்றி ஒரு துணித்திரியைச் சுருட்டி வைப்பார். மேற்கல் ஒரு மயிரிழை உயரும். உளுந்து இரண்டாக உடையும், பொடியாகாது. திரியை எடுத்துவிட்டால் கேழ்வரகு மாவாகும். நோன்புக் கஞ்சிக்கு அரிசியை நொய்யாக உடைக்க, திரி இன்னும் மெல்லியதாக இருக்க வேண்டும். அளவுகோல் எதுவும் இல்லை. கல் எழுப்பும் ஓசையைக் கேட்டே தானியம் எப்படி உடைகிறது என்பதைச் சொல்லிவிடுவார். "வெறுங்கல்லச் சுத்தாதே, கல்லு கல்லத் தின்னும்" என்பது அவர் வாக்கு. சுற்றிச் சுற்றிக் கல் வழவழப்பாகிவிட்டால் தானியம் உடையாமல் வழுக்கும். "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்து வருபவர் உளியால் அதைக் கொத்திக் கொடுப்பார். கொத்திய கல்லில் முதலில் கொஞ்சம் தவிட்டை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் தானியம் இட வேண்டும். இல்லையேல் கல்மணி பல்லில் படும்.

இந்தக் கல் எங்கே பிறந்தது? சுழலும் திருகைக்கு மூத்தது, நம் அம்மியைப் போல் முன்னும் பின்னும் தள்ளி அரைக்கும் கல். பாலஸ்தீனத்துத் தபரிய்யா ஏரிக்கரையில், ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் தங்கிய ஓர் இடத்தில் கிடைத்த அரைகல்லில் காட்டு வாற்கோதுமையின் மாவுத்துகள்கள் ஒட்டியிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். உழவு தோன்றுவதற்கு முன்பே அரைத்தல் தோன்றிவிட்டது என்பது இதனால் தெளிவாகிறது. விதைக்கக் கற்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே மனிதன் அரைக்கக் கற்றிருக்கிறான். சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் கிடைத்தவை இவ்வகைத் தள்ளுகற்களே.

சுழலும் கல் மிகப் பின்னர் வந்தது. இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையவை ஸ்பெயினின் வடகிழக்குப் பகுதியில், கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் காணப்படுகின்றன. முன்னும் பின்னும் தள்ளும்போது ஒவ்வொரு முறையும் கை நின்று திரும்ப வேண்டும். சுழற்சியில் அந்த நிறுத்தம் இல்லை. ஒரு வட்டத்தில் எத்தனை உழைப்பு மிச்சமாயிற்று! பின்னர் அவ்வட்டத்தைக் கழுதை சுற்றியது, நீர் சுற்றியது, காற்றும் சுற்றியது. பாரசீகத்தின் சீஸ்தான் பகுதியில் காற்றைக் கொண்டு திருகைகளை ஓட்டியதை 10ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அரபியில் திருகைக்கு 'ரஹா' என்று பெயர். அரைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே கடைவாய்ப் பற்களுக்கும் அம்மொழியில் பெயர் அமைந்திருக்கிறது. நம் வாய்க்குள்ளேயே ஒரு திருகை இருக்கிறது போலும்!

பேத்தியிடம் இவ்வளவும் சொன்னோம். இனி, சொல்லாமல் விட்டவை.

சிரியா நாட்டில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், அபூ ஹுரைரா என்னும் பெயருடைய மேடு ஒன்று இருந்தது. அணைநீரில் மூழ்குவதற்கு முன் 1972, 1973 ஆண்டுகளில் அதை அகழ்ந்தார்கள். உலகின் மிகப் பழைய உழவர் குடியிருப்புகளுள் ஒன்று அங்கே வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தெயா மோலிசன் என்னும் அம்மையார், தம் முடிவுகளை 1994இல் எழுதினார். பல எலும்புகளில் காலின் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது. முழங்காலிலும் இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பிலும் அழுத்தத்தின் தழும்புகள் இருந்தன. நாள்தோறும் பல மணிநேரம் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, உடலை முன்னும் பின்னும் ஆட்டி அரைத்ததால் வந்த தேய்வு அது என்று கண்டார். அவ்வெலும்புகள் பெரும்பாலும் பெண்களுடையவை.

அந்தப் பெண்களின் பெயர் தெரியாது. மொழி தெரியாது. அவர்கள் அரைத்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது. கை கல்லைத் தேய்த்தது. கல் உடலைத் தேய்த்தது. கல்லின் தேய்வைப் பேத்திக்கு விளக்கிய நாம் உடலின் தேய்வைச் சொல்லவில்லை.

திருகை நம் மார்க்க வரலாற்றிலும் ஒரு கையில் தழும்பிட்டிருக்கிறது. அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகளார் அன்னை பாத்திமா (ரலி) அவர்கள், திருகை சுற்றித் தம் கை பட்ட பாட்டைச் சொல்லி, பணியாள் ஒருவரைக் கேட்கத் தந்தையின் இல்லம் சென்றார்கள். தந்தையார் அப்போது இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவு, மகளும் மருமகனும் படுக்கைக்குச் சென்ற பின், பெருமானார் அவர்களே அவ்வீட்டுக்கு வந்து, இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். அவர்களுடைய பாதத்தின் குளிர்ச்சியைத் தம் நெஞ்சில் உணர்ந்ததை அலி (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பணியாளைவிடச் சிறந்ததைச் சொல்லித் தருவதாகக் கூறி, உறங்கச் செல்லும்போது சுப்ஹானல்லாஹ் 33 முறையும், அல்ஹம்து லில்லாஹ் 33 முறையும், அல்லாஹு அக்பர் 34 முறையும் ஓதுமாறு கற்பித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்நிகழ்ச்சியை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை.

மதீனாவின் அந்த மாவு எப்படிப்பட்டது என்பதையும் ஹதீஸ் நூல்கள் காட்டுகின்றன. அக்காலத்தில் எங்களிடம் சல்லடை இல்லை. வாற்கோதுமையை அரைத்து ஊதுவோம், பறப்பது பறந்துபோகும், மிஞ்சியதைப் பிசைவோம் என்ற கருத்தில் ஸஹ்லு பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அத்தகைய உமி கலந்த தானியத்தைச் சுற்றித்தான் சுவர்க்கத்துப் பெண்களின் தலைவியார் கை காய்த்தது.

மேடைகளில் இந்நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம், நாமும் பேசியிருக்கிறோம். பேசுகிறவர் ஆணாக இருந்தால் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: பெண்கள் பொறுமை கொள்ள வேண்டும், குறை சொல்லலாகாது. ஆனால் அதே ஹதீஸ் நூல்களில் மற்றொன்றும் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடை சொன்னார்கள். இந்த இரண்டையும் ஒரே மேடையில் சேர்த்துச் சொல்பவர் குறைவு. மேலும், தம் மகளுக்குப் பணியாளைத் தராத பெருமானார், பசித்த வயிற்றோடு இருந்த திண்ணைத் தோழர்களை நினைத்தே அவ்வாறு செய்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அன்று மகளின் வலியைக் கேட்டறிந்து, இரவில் அவர் வீடு தேடிச் சென்று, அவரருகே அமர்ந்தார்கள். அந்த நடையையும் அந்த அமர்வையும் நாம் எத்தனை பேர் பின்பற்றினோம்?

தக்காணத்தில், பீஜப்பூரைச் சேர்ந்த சூஃபியர் 17ஆம் நூற்றாண்டளவில் 'சக்கி நாமா' என்னும் பாடல்களைத் தக்கனி மொழியில் இயற்றினார்கள். சக்கி என்றால் திருகை. நாமா என்னும் இலக்கிய வகை நம் இஸ்லாமியத் தமிழிலும் உண்டு. பெண்கள் மாவரைக்கும்போது பாடுவதற்கென்று எழுந்த அப்பாடல்களில், திருகையின் நிமிர்ந்த பிடி 'அலிஃப்' என்னும் எழுத்துக்கு ஒப்பிடப்படுகிறது. இவற்றை ஆராய்ந்த ரிச்சர்டு ஈட்டன் என்னும் வரலாற்றறிஞர், 1978இல் வெளிவந்த தம் நூலில், தக்காணத்துச் சிற்றூர்களின் இல்லங்களுக்குள் இஸ்லாம் பரவியதில் இத்தகைய பாடல்களுக்குப் பெரும் பங்கு உண்டென்று காட்டினார். தாய் அரைத்துக்கொண்டே பாட, மடியில் இருந்த பிள்ளை கேட்டது. மத்ரஸா எட்டாத இடத்தில் திருகை ஓதிக் கொடுத்திருக்கிறது.

நம் வீட்டில் நம் தாயார் பாடியதாக நினைவில்லை. அவர் ஸலவாத்து ஓதுவார். பிடி ஒரு சுற்றுக்கு ஒரு ஸலவாத்து என்று கணக்கு. அந்த ஓசையில்தான் நாம் உறங்கினோம். அந்த ஓசையில்தான் விழித்தோம்.

அது விரும்பி ஓதிய ஓசை மட்டுமன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வாப்பா 1957இல் மறைந்தார்கள். நமக்கு அப்போது வயது எட்டு. ராத்தாவுக்குப் பன்னிரண்டு. இத்தா முடிந்து சில மாதங்களில் தாயாரின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குச் சென்றன. பின்னர்ப் பித்தளைப் பாத்திரங்கள் சென்றன. திருகையை மட்டும் யாரும் கேட்கவில்லை. தூக்க முடியாத கல்லுக்கு யார் கடன் கொடுப்பார்?

முற்காலத்தில் அதற்கும் கடன் கொடுத்திருக்கிறார்கள். தவ்ராத்தைச் சேர்ந்ததாக யூதர் ஓதிவரும் சட்டங்களுள் ஒன்று, திருகைக் கற்களையோ அவற்றுள் மேற்கல்லை மட்டுமோ அடகாகப் பெறலாகாது என்று தடுக்கிறது. அவ்வாறு பெறுவது ஒருவருடைய உயிரையே அடகாகப் பெறுவதாகும் என்று காரணமும் சொல்கிறது. வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில் இதைப் படித்தபோது ஒரு சுவையான செய்தியாகக் குறித்துவைத்தோம். நம் வீட்டுக் கதை இது என்பது அப்போது உறைக்கவில்லை. எல்லாம் போன பின் எஞ்சிய அந்தக் கல்தான் நம்மைக் காப்பாற்றிற்று.

தாயார் பிறர் வீட்டுத் தானியத்தை வாங்கி அரைத்துக் கொடுக்கத் தொடங்கினார். வசதியுள்ள வீடுகளிலிருந்து, இருட்டிய பின் யாருமறியாமல் மூட்டை வரும், விடியுமுன் போகும். உளுந்து, பாசிப்பயறு, கேழ்வரகு. ஷஅபான் பிறந்துவிட்டால் நோன்புக் கஞ்சிக்கான அரிசி. கூலியைப் பணமாகத் தருவோர் சிலர். நொய்யாகத் தருவோர் பலர். வாங்கிச் செல்வோர் நல்லவர்களே. கூலிக்கு அரைக்கும் வீடு என்ற பெயர் நமக்கு வந்துவிடக் கூடாதென்று அவர்களும் காத்தார்கள்; நாமும் காத்தோம். பள்ளியில் நண்பர்கள் கேட்டால், "உம்மா சும்மாதான் இருக்காங்க" என்று சொல்வோம்.

ஒருவர் சுற்றினால் ஒரு மூட்டைக்கு ஓரிரவு போதாது. எதிரில் மற்றொருவர் அமர்ந்து, பிடியைச் சேர்ந்து பற்றிச் சுற்றினால் வேலை விரையும். அந்த எதிர்க்கை யாருடையது?

ராத்தா ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிய கையோடு பள்ளியை விட்டு நின்றார். அக்காலத்தில் பெண்பிள்ளையின் படிப்பு அந்த வயதில் நிற்பது யாருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை. ஏன் நின்றாள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கணக்கில் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். இருட்டறையில் திருகையைச் சுற்றிக்கொண்டே, விளக்கடியில் அமர்ந்து வீட்டுக்கணக்குப் போடும் நமக்கு அவர் விடை சொல்வார். எட்டாம் வகுப்புக் கணக்கு வந்தபோது, "இது நான் படிக்கல தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியம் இப்போதுதான் நம் காதில் விழுகிறது.

நாம் படித்தோம், கல்லூரி சென்றோம், ஆசிரியரானோம். 2007இல் பணி ஓய்வு பெற்றபோது ஊரில் ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். நன்றியுரையில், தம் கை தேயத் திருகை சுற்றி நம்மைப் படிக்கவைத்த தாயாரை நினைவுகூர்ந்தோம். ஐம்பது ஆண்டுகள் மறைத்த செய்தியை மேடையேறிச் சொல்லிவிட்டோமே என்று நமக்கே பெருமையாக இருந்தது. அவையில் பலர் கண்ணீர் விட்டார்கள். திரைக்கு அப்பால், பெண்கள் பகுதியில் ராத்தா அமர்ந்திருந்தார். அவர் பெயரை நாம் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று எண்ணியதில்லை, நினைவுக்கே வரவில்லை. மறைத்ததைவிட அது பெரிய குற்றம். வீட்டுக்கு வந்ததும், "நல்லா பேசுன தம்பி, உம்மா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க" என்று ராத்தா சொன்னார்.

எங்கள் பக்கத்து ஊர்களில் வீடு பெண்மக்களுக்கே உரியது. தாயாரின் தாயாருக்குச் சீராக வந்த அந்தத் திருகை, வீட்டோடு தாயாருக்கு வந்தது. பின்னர் ராத்தாவுக்கு வந்தது. 1996இல் வீட்டைப் புதுப்பித்தபோது கொத்தனாரிடம் நின்று வேலை வாங்கியவர் நாமே. மின்சார அரைவை ஆலை தெருமுனையில் வந்துவிட்ட காலம். இடத்தை அடைத்துக் கிடந்த அடிக்கல்லைக் கிணற்றடியில் துணி துவைக்கப் போடச் சொன்னோம். மேற்கல்லின் துளையில் ஆட்டுக்கயிற்றைக் கட்டினார்கள். உரியவரிடம் ஒரு சொல் கேட்டோமா என்றால், இல்லை.

பூஞ்செடி நட்ட உணவகத்தாரைக் குறை சொல்ல நமக்கு ஏது வாய்? அவர்கள் திருகையில் செடி வைத்தார்கள். நாம் ஆடு கட்டினோம்.

பழம்பொருளைப் போற்ற வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. கல்லில் அரைத்த மாவின் மணமே தனி என்கிறார்கள். பெண்களுக்கு அது நல்ல உடற்பயிற்சியாக இருந்தது என்கிறார்கள். மணம் உண்மைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர் எவரும் ஒரு மூட்டை உளுந்தை ஓரிரவில் உடைத்தவராகத் தெரியவில்லை. அரைவை ஆலை வந்த நாளில் தாயார் இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரு கருவி ஓய்ந்ததற்கு வருந்தும் முன், எத்தனை கைகள் ஓய்வு பெற்றன என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று.

ராத்தா அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள், பேத்தியை அழைத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றோம். இருவருமாகக் கற்களைப் புரட்டிக் கழுவினோம். மேற்கல்லின் அடிப்பக்கத்தில், பிடி நின்ற இடத்தின் பக்கமாகத் தேய்வு அதிகம் இருந்தது. எதிரெதிரே இருவர் அமர்ந்து சுற்றினால் என்ன, ஒருவருடைய இழுப்பு மற்றவருடையதைவிடப் பலமாகத்தான் இருக்கும். யாருடைய இழுப்பு பலமானது என்பதைக் கல் சொல்லாது. இதுகாறும் எழுதியதையெல்லாம் அந்த ஈரக்கல்லின் அருகில் நின்று பேத்திக்குச் சொன்னோம். அவள் எதுவும் கேட்காமல் உள்ளே சென்று, ராத்தாவின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் நடுமூட்டு புடைத்துச் சற்றே வளைந்திருக்கிறது. எண்பது வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார் ராத்தா.

"இந்தக் கல்லை என்ன செய்யலாம்? முன்கட்டில் மரியாதையாக வைக்கலாமா?" என்று அவரிடம் கேட்டோம். கற்கள் நம் வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து நாம் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"கல்லுக்கு என்ன மரியாத? கெடந்த எடத்துல கெடக்கட்டும். ஆட்ட மட்டும் வேற எடத்துல கட்டச் சொல்லு" என்றார். பிறகு பேத்தியைக் காட்டி, "இவளப் பாதியில நிறுத்திராம படிக்க வையி" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு திருகை கிடக்கலாம், கிடக்காமலும் இருக்கலாம். அதைச் சுற்றிய கைகளுள் ஒன்றேனும் இன்னும் உயிரோடிருந்தால், அக்கையின் அருகே சென்று சற்று நேரம் அமருங்கள். அவர்கள் வாய் திறக்கும்வரை நீங்கள் பேச வேண்டாம். பேசுவது நம் போன்றோர்க்கு எளிது.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் ராத்தாவுக்குப் படித்துக் காட்டினோம். இறுதிவரை கேட்டார். அவர் ஆறாம் வகுப்போடு நின்றதாக நாம் எழுதியிருந்தோம். "ஆறு இல்ல தம்பி, ஏழு. முழுப்பரீட்சை எழுதி, பாசாகிட்டுத்தான் நின்னேன்" என்று அந்த ஒரு பிழையை மட்டும் சுட்டினார். மேலே திருத்தியிருக்கிறோம்.